ஒரே இடத்தில் உடைந்ததும் இடம் மாறி உடைந்ததும்: ஒரு கல்யாண வீடியோவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரத்தில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்கிறேன். 2022 ஐப்பசியில் வந்த ஒரு வேலையின் பதிவு இது. இரண்டு நாளில் முடித்திருக்க வேண்டியது, மூன்று வாரம் இழுத்தது. இழுத்ததற்குப் பெரும்பாலும் நானே காரணம் என்பதால் என் தவறுகளையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் இல்லை.

வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். ஊர் ஸ்டுடியோ ஒன்று முழு வீடியோவையும் ஒரே ஃபைலாகப் பென்டிரைவில் கொடுத்தது. மூன்று மணி நேரம், 1080பி, எச்.264 என்ற முறையில் சுருக்கியது, நொடிக்குச் சுமார் 8 மெகாபிட், மொத்தம் 10.8 ஜிபி. மகன் அதை வீட்டுக் கணினியில் ஏற்றினார். அங்கிருந்து இன்னும் மூன்று பென்டிரைவில் காப்பி போட்டு சம்பந்தி வீட்டுக்கும், பெங்களூரில் இருக்கும் தங்கைக்கும், கோவைச் சித்தப்பாவுக்கும் அனுப்பினார். பிறகு ஸ்டுடியோ கொடுத்த பென்டிரைவை ஃபார்மட் செய்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

கணினி 2014இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, விண்டோஸ் 10, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முதலில் 4 ஜிபி டிடிஆர்3 ராம் (வேலை நடக்கும்போது தரவு தங்கும் மெமரி) ஒன்று இருந்தது. சில வருடம் கழித்து வேறொருவர் இன்னொரு 4 ஜிபி போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்தக் கடைசி விவரம் எனக்கு மூன்றாவது வாரம்தான் தெரியவந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

வந்த புகார் ஒரே சொல்: "தம்பி, வீடியோ உடையுது."

இந்தச் சொல்லில் எங்கள் தொழிலின் பாதிக் குழப்பம் இருக்கிறது. படம் கட்டம் கட்டமாகச் சிதறினாலும் உடையுது. சிக்கிச் சிக்கி ஓடினாலும் உடையுது. பச்சையாகவோ சாம்பலாகவோ ஒரு பட்டை விழுந்தாலும், குறுக்கே கோடு ஓடினாலும் அதே சொல்தான். சிக்கி ஓடுவது பெரும்பாலும் கணினிக்கு வேகம் போதாத கதை. கட்டம் சிதறுவது, தரவில் எங்கேயோ தப்பு புகுந்த கதை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நான் பிரித்துக் கேட்கவில்லை.

முதல் வருகை

வீட்டுக்குப் போனதும் போட்டுக் காட்டினார்கள். மூன்றாவது நிமிடத்தில், மாப்பிள்ளை அழைப்பில், நாதஸ்வரக்காரரின் முகம் சிறு சதுரங்களாகக் கலைந்து ஆறேழு விநாடி கழித்துத் திரும்பச் சேர்ந்தது. நாதஸ்வர ஒலி மட்டும் ஒரு பிசிறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய இன்டெல் கிராபிக்ஸ், பல வருடமாகப் புதுப்பிக்காத டிரைவர். இப்படிப்பட்ட கணினிகளில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் ஹார்டுவேர் டிகோடிங்கை, அதாவது சுருக்கிய வீடியோவைக் கிராபிக்ஸ் சிப்பை வைத்தே விரிக்கும் முறையை, பயன்படுத்தும்போது படம் சிதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2018இல் வந்த விஎல்சி 3.0 முதல் அது தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அதனால் மேலே யோசிக்காமல் டிரைவரைப் புதுப்பித்தேன், விஎல்சியில் ஹார்டுவேர் டிகோடிங்கை நிறுத்தினேன், கணினியை ரீஸ்டார்ட் செய்தேன். அதே மூன்றாவது நிமிடத்தைப் போட்டால் படம் பளிச்சென்று ஓடியது. பத்து நிமிடம் பார்த்தோம், சிதறவில்லை. யூடியூபும் நன்றாக ஓடியது. நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று மணி நேர வீடியோவில் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பியது முதல் தவறு. அன்று எதனால் சரியானது என்று கேட்டுக்கொள்ளாதது அதைவிடப் பெரிய தவறு. டிரைவரா, டிகோடிங்கா, வெறும் ரீஸ்டார்ட்டா? மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

பத்திரிகையின் பின்பக்கம்

நான்காம் நாள் போன் வந்தது. தாலி கட்டும் இடத்தில் ஏழு விநாடி உடைகிறது, முதல் நாளே அது உடைந்தது, நான் பார்க்கவில்லை. இதற்குள் விஷயம் பெரிதாகியிருந்தது. ஆல்பத்துக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணத்தை வீட்டார் நிறுத்திவைத்துவிட்டார்கள். "எங்க சிஸ்டத்துல கண்ணாடி மாதிரி ஓடுது, உங்க கம்ப்யூட்டர் பழசு" என்பது ஸ்டுடியோக்காரர் பேச்சு. டீச்சரம்மாவிடம் அதற்கு அசைக்க முடியாத பதில் இருந்தது.

"பெங்களூர்ல டிவியில போட்டுப் பாத்தாங்க தம்பி. அங்கயும் தாலி கட்டுற எடத்துலதான் உடையுது. ரெண்டு ஊரு, ரெண்டு மெஷினு, ஒரே எடம். அப்போ தப்பு யாருது? நான் கணக்கு டீச்சர்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் தொழிலில் உள்ள கைவிதியும் அதுவே: ஒரே இடத்தில் உடைந்தால் ஃபைல் கெட்டது, இடம் மாறி உடைந்தால் மெஷின் கெட்டது. நல்ல விதிதான். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் டீச்சரம்மா எழுதி வைத்திருந்ததைப் பார்க்கும் வரை எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை.

இரண்டாம் முறை போனபோது அதை என் கையில் கொடுத்தார். நான்கு நாட்களில் வீடியோவை மூன்று முறை முழுதாகப் பார்த்து, உடையும் நேரங்களை எல்லாம் நீல மசியில் பத்தி பிரித்து எழுதியிருந்தார். 14 நேரங்கள் மூன்று பத்தியிலும் இருந்தன. அவற்றுக்கு அடிக்கோடு. மீதியெல்லாம் ஒரு பத்தியில் மட்டும் இருந்தன. முதல் நாள் ஐந்து, இரண்டாம் நாள் மூன்று, மூன்றாம் நாள் எட்டு, ஒன்றும் திரும்ப வரவில்லை. முதல் வருகையில் நான் பார்த்த மூன்றாவது நிமிடம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நான் அதை ஓரமாக வைத்தேன். உண்மையைச் சொன்னால், எழுபது வயதுக்காரர் சில இடங்களைக் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் முழுதும் இதனால்தான் வீணானது.

இரண்டாம் வருகையில் பார்த்தவை

சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல் போனது. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மாற்றப்பட்ட செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டு) பூஜ்யம், நிலுவை செக்டர் பூஜ்யம், கேபிள் பழுதைக் காட்டும் சிஆர்சி எண்ணிக்கையும் பூஜ்யம். எட்டு வருட டிஸ்க்குக்கு அது ஆச்சரியமான ஆரோக்கியம். சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டியதில் எதுவும் மாறவில்லை. வெப்பநிலையும் சரியாகவே இருந்தது.

பிறகு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கொண்டு ஃபைலை முழுதாக டிகோட் செய்து, பிழைகளை மட்டும் பட்டியலிடச் சொன்னேன். படத்தைத் திரையில் காட்டாமல், எங்கேயும் எழுதாமல், தலையிலிருந்து வால் வரை படித்துப் பார்க்கும் முறை இது. கண் கொட்டாமல் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. பட்டியல் வந்தது. சரிபார்க்க மறுபடி ஓட்டினேன். இரண்டாவது பட்டியல் முதலாவதோடு பாதிதான் ஒத்துப்போனது.

அப்போதுதான் பத்திரிகையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்த நேரங்களில், டீச்சரம்மா அடிக்கோடு போட்ட 14ம் இருந்தன. ஒரு விநாடி முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

ஆக அவர் எதையும் தவறவிடவில்லை. சில இடங்கள் எப்போதும் உடைகின்றன, சில இடங்கள் அவ்வப்போது உடைகின்றன. ஃபைலும் கெட்டு மெஷினும் கெட்டதா? ஒரே வாரத்தில் இரண்டும் தனித்தனியாகக் கெடுவது நடக்காத காரியம் இல்லை, ஆனால் மனம் ஒப்பவில்லை.

மூன்று முறை எடுத்த கைரேகை

அங்கேயே விண்டோஸில் உள்ள சர்ட்யூட்டில் என்ற கருவி மூலம் ஃபைலின் எஸ்எச்ஏ-256 ஹேஷ் எடுத்தேன். ஹேஷ் என்பது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. 10.8 ஜிபியில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் முழு எண்ணும் வேறாகிவிடும். மூன்று முறை எடுத்தேன். யாரும் கை வைக்காத ஒரே ஃபைலுக்கு மூன்று வெவ்வேறு கைரேகை வந்தது.

டிஸ்க்கில் இருப்பது மாறவில்லை என்றால் படிக்கும் வழியில் மாறுகிறது. யூஎஸ்பியிலும் சாட்டா கம்பியிலும் போகும் தரவுக்கு, வழியில் மாறியதா என்று பார்க்கும் சிஆர்சி சோதனை உண்டு. டிஸ்க் தன் ஒவ்வொரு செக்டருக்கும் திருத்தக் குறியீடு வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தரவு ராமில் தங்கும் நேரத்துக்கு மட்டும் சாதாரண வீட்டுக் கணினியில் காவல் கிடையாது. சர்வர்களில் போடும் இசிசி ராமில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து ஒற்றைப் பிட் பிழையைத் திருத்திவிடுவார்கள். எச்81 போர்டில் அதற்கு வழியில்லை.

டீச்சரம்மாவிடம், வீடியோ தவிர இந்தக் கணினியில் வேறு ஏதாவது தொல்லை உண்டா என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். மகன் பதில் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீலத் திரை வரும். இறக்கிய ஜிப் ஃபைல் சில சமயம் திறக்காது, மறுபடி இறக்கினால் திறக்கும். "அது வேற பிரச்சினைன்னு விட்டுட்டோம்ணே." ராம் பழுதுக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது.

விண்டோஸுடன் வரும் மெமரி சோதனையை ஓட்டினேன். பழுதில்லை என்று சொன்னது. நம்பாமல் மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் போட்டு, நான்கு சுற்றும் ஓடட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டுவிட்டு வந்தேன். காலையில் மகன் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். சிவப்பு வரிகள் நிறைய. வரிக்கு வரி ஒரே கதை: எல்லாப் பிட்டும் 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு குறிப்பிட்ட பிட் மட்டும் 0.

ராம் குச்சிகளைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்க முனைகளைத் தேய்த்து மாட்டினேன். பாதிக் கேஸ்கள் இதிலேயே முடிந்துவிடும். இது முடியவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், பிறகு சேர்த்த 4 ஜிபியில் மட்டும் பிழை வந்தது. அதை மற்ற ஸ்லாட்டுக்கு மாற்றியபோது பிழையும் கூடவே போனது. ஆகவே ஸ்லாட் பழுதில்லை, குச்சிதான். அதைக் கழற்றி வைத்தேன். மிச்சம் இருந்த 4 ஜிபியோடு ஹேஷ் எடுத்தால் மூன்று முறையும் ஒரே எண்.

ஸ்டுடியோவில்

இடம் மாறும் உடைப்பு நின்றது. அடிக்கோடு போட்ட 14 இடங்கள் அப்படியே இருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் அவை ஸ்டுடியோவில் கெட்டவையா, வீட்டில் கெட்டவையா என்பதில்தான் ஆல்பப் பணம் நின்றுகொண்டிருந்தது.

என் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். நல்லவேளையாக முடித்த வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தார்கள். "அண்ணே, யாரையும் குத்தம் சொல்ல வரல. ஒரு காப்பி வேணும், உங்க மெஷின்லயே ஒரு ஹேஷ் எடுத்துக்கறேன்" என்றேன். மனிதர் வேண்டா வெறுப்பாகச் சம்மதித்தார். அங்கே இரண்டு முறை, என் கடையில் இரண்டு முறை எடுத்ததில் நான்கும் ஒன்று. டிகோட் சோதனையில் ஒரு பிழைகூட இல்லை.

பிறகு வீட்டு டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்து, பைத்தான் நிரல்மொழியில் சில வரி எழுதி இரண்டு ஃபைல்களையும் பைட் பைட்டாக (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) ஒப்பிட்டேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

10.8 ஜிபியில் 23 பைட் மட்டுமே வேறாக இருந்தது. ஸ்டுடியோ ஃபைலில் 122 என்றால் வீட்டு ஃபைலில் 90. அங்கே 227, இங்கே 195. அங்கே 49, இங்கே 17. இருபத்து மூன்றிலும் வீட்டுப் பைட் சரியாக 32 குறைவு. ஒரு பைட்டில் 32 மதிப்புள்ள ஒரு பிட், 1 ஆக இருக்க வேண்டியது, 0 ஆகியிருக்கிறது. மெம்டெஸ்ட்86 காட்டியதும் அதே பிட்தான்.

இன்னொன்றும் செய்தேன். விண்டோஸ் ராமை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்துத்தான் ஃபைல்களை அதில் வைக்கிறது. கெட்ட செல்கள் ராமில் ஒரே நெடுவரிசையில் இருந்தால், எந்தப் பக்கத்தில் மாட்டினாலும் பக்கத்துக்குள் அவற்றின் இடம் மாறக் கூடாது. 23 பைட்டும் ஃபைலில் இருக்கும் இடங்களை 4096ஆல் வகுத்து மீதி பார்த்தேன். 23க்கும் சேர்த்து இரண்டே இரண்டு மீதிகள்தான் வந்தன.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான்கு எண்ணைத் தானே வகுத்துப் பார்த்தார். "அப்போ அந்த ஸ்டுடியோ தம்பி மேல தப்பில்ல" என்றார். மீதிப் பணம் மறுநாள் போய்ச் சேர்ந்தது.

அவருடைய வாதம் எங்கே தவறியது? பெங்களூர் டிவியும் வீட்டுக் கணினியும் இரண்டு தனிச் சாட்சிகள் என்று எடுத்துக்கொண்டதில். பெங்களூர் போன பென்டிரைவ் வீட்டுக் கணினியில் போட்ட காப்பி. ஸ்டுடியோவிலிருந்து முதலில் ஏற்றும்போதே ராம் கெடுத்த 23 பைட் டிஸ்க்கில் பதிந்துவிட்டது. அதிலிருந்து போட்ட எல்லாக் காப்பியிலும் அவை இருந்தன. ஒவ்வொரு காப்பியும் போகிற வழியில் தனக்கென்று சில உடைப்புகளையும் வாங்கிக்கொண்டிருக்கும். வீட்டில் ஓட்டிப் பார்க்கும்போதும் தரவு அதே ராம் வழியாகப் போகிறது, அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் வேறு சில இடங்கள் கெடுகின்றன. நிலைத்த உடைப்பும் நகரும் உடைப்பும் ஒரே பழுதின் நேற்றும் இன்றும்.

முதல் வருகையில் மூன்றாவது நிமிடம் ஏன் சரியானது என்பதும் இதில் புரிகிறது. அது நகரும் வகை. ரீஸ்டார்ட் செய்ததும் ராமில் ஃபைல் உட்கார்ந்த இடம் மாறியது, உடைப்பும் வேறிடம் போனது. டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பிட் எப்படி ஏழு விநாடியைத் தின்றது

டீச்சரம்மாவின் மகன் கேட்ட கேள்வி இது. எச்.264 ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. எப்போதாவது ஒரு முழுப் படம், அதாவது கீஃபிரேம். நடுவில் வருபவை எல்லாம் "முன்னால் இருந்ததிலிருந்து இது இது மாறியது" என்ற குறிப்புகள். படம் 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு இந்தக் குறிப்புகள் எழுதப்படுவதால்தான், கெடும்போது சதுரம் சதுரமாகக் கெடுகிறது. அந்தக் குறிப்புகளும் ஒன்றோடொன்று பின்னிச் சுருக்கப்பட்டவை. நடுவில் ஒரு பிட் மாறினால் அந்தத் துண்டின் மிச்சம் முழுவதையும் டிகோடர் தப்பாகவே வாசிக்கும். அடுத்து வரும் ஃபிரேம்கள் கெட்டதையே பார்த்துக் காப்பியடிக்கும். அடுத்த கீஃபிரேம் வரும் வரை இதற்கு விடிவில்லை.

ஸ்டுடியோ இந்த வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சுருக்கியிருந்தது. அதில் கீஃபிரேம்களுக்கு இடையே 250 ஃபிரேம் வரை போகலாம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் பத்து விநாடி. காட்சி வெட்டு வந்தால் முன்பே கீஃபிரேம் விழும். ஆனால் தாலி கட்டும்போது எந்தக் கேமராக்காரரும் வெட்ட மாட்டார். அந்த நீண்ட ஷாட்டின் தொடக்கத்தில் பிட் மாறியதால் ஏழு விநாடி போனது. வேறு எந்த ஃபிரேமும் தன்னைச் சார்ந்திராத ஃபிரேமில் விழுந்தவை ஒரு கணம் மின்னி மறைந்திருக்கும், கண்ணில் படாது. 23 பைட் கெட்டும் டீச்சரம்மாவின் கணக்கில் 14 மட்டும் வந்தது அதனால்தான். ஒலி தப்பித்ததில் மாயம் இல்லை. நொடிக்கு 8 மெகாபிட் படத்துக்கு முன்னால் 192 கிலோபிட் ஒலி நாற்பதில் ஒரு பங்கு, அடி அதன்மேல் விழும் வாய்ப்பு அவ்வளவுதான்.

மீட்க முடிந்ததும் முடியாததும்

கல்யாண வீடியோ எளிதில் தீர்ந்தது. ஸ்டுடியோ ஃபைலை ஏற்றி, ஹேஷ் சரிபார்த்து, பெங்களூருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் புதுக் காப்பி போனது.

பெரிய இழப்பு வேறு இடத்தில் இருந்தது. வீட்டார் போனில் எடுத்த வீடியோக்கள், சுமார் 26 ஜிபி, இதே கணினிக்குக் கட்-பேஸ்ட் முறையில் வந்திருந்தன. போனில் இப்போது எதுவும் இல்லை. கடை மெஷினில் எல்லாவற்றையும் சோதித்ததில் 38 கிளிப்பில் பிழை வந்தது. போன் வீடியோவில் பொதுவாக விநாடிக்கு ஒரு கீஃபிரேம் இருப்பதால் ஒவ்வொரு உடைப்பும் ஒரு விநாடிக்குள் அடங்கிவிட்டது. பெரும்பாலானதை அப்படியே விட்டுவிடலாம் என்று வீட்டாரே சொன்னார்கள்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. டீச்சரம்மாவின் தாயார் ஊஞ்சல் சடங்கில் பாடிய நாலு நிமிடப் பாட்டு. அவர் புரட்டாசியில் காலமாகிவிட்டார். இரண்டு இடத்தில் அவர் முகம் உடைந்திருந்தது.

சாதாரணமாக இதற்கு வழியில்லை. இங்கே பழுதின் குணம் நமக்குத் தெரியும் என்பதால் ஒரு யோசனை தோன்றியது. 1080பி, நொடிக்கு 17 மெகாபிட், 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 70 கேபி. 4096 வீதம் அதில் 17 பக்கம் சொச்சம். பக்கத்துக்கு இரண்டு சந்தேக இடம், மொத்தம் முப்பத்தைந்துக்குள். பழுது 1ஐ 0 ஆக்கும், 0ஐ 1 ஆக்காது. ஆகவே அந்தப் பிட் இப்போதும் 1 ஆக இருக்கும் இடங்களைத் தள்ளிவிடலாம். மிச்சம் 16. ஃபைலின் நகலில் ஒவ்வொன்றாக 32 கூட்டி டிகோட் செய்து பார்த்தேன். பதினோராவது முயற்சியில் பிழை வரி மறைந்தது. பாட்டியின் முகம் முழுதாக வந்தது, ஒட்டுப் போட்டது அல்ல, போன் எடுத்த அதே படம்.

இரண்டாவது இடத்தில் அத்தனை முயற்சியும் பலிக்கவில்லை. அங்கே சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப்பில் கிடைத்த சிறிய வடிவத்திலிருந்து ஒரு விநாடியை வெட்டி ஒட்டினேன். அந்த ஒரு விநாடி கொஞ்சம் மங்கலாக இருக்கும். உடைந்த மூல ஃபைலையும் தனி ஃபோல்டரில் அப்படியே வைத்திருக்கிறோம்.

இடையில் ஒரு சிறு குழப்பமும் தீர்ந்தது. மகளின் புதுப் போன் கிளிப்புகள் சில இன்னும் "உடைகின்றன" என்றார்கள். போய்ப் பார்த்தால் சிக்கிச் சிக்கி ஓடுகின்றன, ஒரு கட்டமும் சிதறவில்லை. அவை 4கே எச்.265, அதாவது எச்.264க்கு அடுத்து வந்த சுருக்கு முறை. நான்காம் தலைமுறை இன்டெலில் அதற்கு முழு ஹார்டுவேர் டிகோடர் கிடையாது, ஆறாம் தலைமுறையில்தான் வந்தது. 1080பி எச்.264 ஆக மாற்றிக் கொடுத்தேன். முதல் நாளே சொல்லைப் பிரித்துக் கேட்டிருந்தால் இந்தக் கடைசிப் பயணம் மிச்சம்.

இனி மாற்றிச் செய்வது

ராமை நான் கடைசியாகச் சந்தேகப்பட்டது பழக்க தோஷம். கெட்டால் கணினி எழவே எழாது, பீப் அடிக்கும் என்றே பலரும் நினைக்கிறோம். கூகுளின் சர்வர்களை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வில், ஒரே ஆண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரிக் குச்சிகளில் பிழை பதிவானது. அவை இசிசி குச்சிகள், அதனால் எண்ண முடிந்தது. வீட்டுக் கணினியில் எண்ண ஆளில்லை.

இப்போது வீடியோ உடைகிறது என்று யார் வந்தாலும் டிரைவருக்கு முன்னால் ஒரு பெரிய ஃபைலுக்கு மூன்று முறை ஹேஷ் எடுக்கிறேன். ஃபைல் ராமைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் முறை ராமில் ஏற்கெனவே இருப்பதையே படித்து அதே விடையைச் சொல்லிவிடும். உடைந்த நேரங்களை எழுதிவரச் சொல்கிறேன், எழுதி வந்தால் படிக்கிறேன். ஒரு வருகையில் ஒரு மாற்றம் மட்டும். கட்-பேஸ்ட் வேண்டாம், காப்பி செய்து சரிபார்த்த பிறகு போனில் அழியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். காப்பி முடிந்தது என்று விண்டோஸ் சொன்னால் எழுதி முடித்தேன் என்று மட்டுமே பொருள். எழுதியதைத் திரும்பப் படித்து அது ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

பென்டிரைவோடு ஹேஷ் எண்ணையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டுக் கொடுங்கள் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதை யாருண்ணே பாப்பாங்க" என்று சிரித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் முடித்த வீடியோவை இப்போது ஒரு வருடம் வரை அழிப்பதில்லையாம்.

முதல் வருகையின் நானூறு ரூபாயைக் கடைசி பில்லில் கழித்துக்கொண்டேன். கோவைச் சித்தப்பாவிடம் இருப்பது இன்னும் பழைய காப்பிதான், அவர் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கெட்ட குச்சி மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுக் கடை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மெமரி சோதனைக்குப் புதிதாக ஏதாவது மென்பொருள் கிடைத்தால், இதைக் கண்டுபிடிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் மெஷினில் ஓட்டுகிறேன்.